நெட்டையன் தொண்ணூற்றாறு, குட்டையன் நாலு

1.
இந்தக் கதை ஒரு ராஃபிள் (குலுக்கல்) சீட்டிலிருந்து பிறந்தது. போன மாதம் பழைய சப்பாத்துப் பெட்டியொன்றைக் கிளறியபோது அகப்பட்டது. நீல மையில் 'குட்டையன்' என்று எழுதியிருந்தது. கீழே 1996, குணரத்தினம் மாஸ்டரின் கையெழுத்து. சீட்டு என்னுடையதல்ல.

முதல் தொடக்கம்: "பென்ரோஸின் தகரக் கூரைகளில் தென்துருவக் காற்று ஊழியின் இசையை..." (வேண்டாம். அது ஃபோர்க்லிஃப்டின் சத்தம்.)

இரண்டாம் தொடக்கம்: பென்ரோஸில் பெயின்ட் வாளி அடுக்கும் கிடங்கொன்றின் சாப்பாட்டறையில், மனித அறிவின் வரலாற்றையே மாற்றப்போகும் சந்தை திறக்கப்பட்டது. (ஆடம்பரம்தான். ஆனால் மாஸ்டர் அப்படித்தான் சொன்னார்.)

2.
மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் புள்ளிவிபரவியல் படிப்பித்தவர். புலம்பெயர்ந்து வந்து, இங்கே பென்ரோஸில் எங்களோடு வாளி அடுக்கினார். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் தேர்தல் முடிவைப் பங்குபோல விற்கிறது என்று எங்கோ வாசித்துவிட்டார். யார் வெல்வார் என்று நினைக்கிறோமோ அவருடைய பங்கை வாங்கவேண்டும். வாங்க வாங்க விலை ஏறும். நூறில் எழுபது விலை என்றால், வெல்ல எழுபது வீத வாய்ப்பு என்று கூட்டம் கணிக்கிறது.

பரிசோதனைக்கு அவர் எடுத்தது அமெரிக்கக் கால்பந்து: இந்தப் பருவத்தில் பந்தோடு அதிக தூரம் ஓடப்போகிறவன் யார்? எங்களில் ஒருவருக்கும் அந்த விளையாட்டுத் தெரியாது.

"அதுதான் காணும் எனக்கு வேணும். தெரியாதவனுக்குப் பக்கச்சார்பு இல்லை," என்றார் மாஸ்டர்.

"கும்பலா தெரியாம இருந்தா அறிவாயிடுமா சார்?" என்றார் கிள்ளானிலிருந்து வந்த கணேசமூர்த்தி.

"ஆகும்."

"அப்ப நம்ம மேனேஜ்மென்ட்டு பெரிய அறிவாளிங்கதான் லா."

ஆளுக்கு நூறு புள்ளி. பங்குக்கு மாஸ்டர் கையெழுத்திட்ட ராஃபிள் சீட்டு. வெல்பவருக்கு ஒரு வருடம் மைக்ரோவேவில் முதல் உரிமை. ஓட்டக்காரர்களின் பெயர் வாயில் நுழையாததால், முன்னணி இருவரும் படத்தைப் பார்த்து நெட்டையன், குட்டையன் ஆனார்கள். அந்த அறையின் மீன்குழம்பு வாசனையும், நாங்கள் தேநீரை ஆறவிட்டு, விலை எழுதிய வெண்பலகையைப் பார்த்து நின்ற நிற்பும்... பிறகு எதையும் நான் அப்படி நம்பி நின்றதில்லை.

3.
மாஸ்டருக்கு அது விளையாட்டல்ல. 'உள்நாட்டு அனுபவம் இல்லை' என்று பதினாறு அலுவலகங்கள் அவரைத் திருப்பியிருந்தன. பதினேழாவது, எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி நிறுவனம். அங்கிருந்த மேலாளர் மட்டும் சந்தைக் கதையை ரசித்துக் கேட்டார். "கிறிஸ்மஸுக்கு முந்தின வெள்ளி உங்கள் கணிப்பைக் கொண்டுவாருங்கள். பருவம் முடிய, சரிபார்த்துவிட்டு வேலையைப் பற்றிக் கதைப்போம்."

இனி வாளியா மேசையா என்பது முன்பின் தெரியாத ஒருவனின் கால்களில் இருந்தது.

4.
முதல் நாள் மாஸ்டர் நெட்டையனை வாங்கினார். அடுத்து, எங்களோடு வாளி அடுக்கும் செல்வரத்தினம் வந்தார்.

"மாஸ்டர் எடுத்ததையே எனக்கும் தாங்கோ."

"உம்மட மூளையால யோசியும், ஐசே!"

"யோசிச்சனான் மாஸ்டர். நீங்கள் எடுத்ததுதான்."

நாங்கள் பதினெட்டுப் பேரும் அப்படியே யோசித்தோம். மாஸ்டர் எடுத்ததற்கு எதிராக எடுப்பது, பந்தியில் அவர் சாப்பிட்டு முடியுமுன் இலையை மடிப்பது மாதிரி. கணேசமூர்த்திகூட, "மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல," என்று நெட்டையனையே வாங்கினார். விலை அறுபது, எண்பது, தொண்ணூற்றாறு. "விஞ்ஞானம்!" என்றார் மாஸ்டர்.

குட்டையனில் விற்றது ஒரே ஒரு சீட்டு. நாலு புள்ளிக்கு, என் மூலமாக.

"ஆருக்கு?"

"பெயர் வேண்டாமாம், மாஸ்டர்."

"விசரன்."*

*பைத்தியக்காரனல்ல, மாஸ்டரின் மனைவி ரதிதேவி அக்கா.

5.
அக்கா ஒடாஹுஹுவில் ஒரு மோட்டலில் அறை துப்புரவு செய்தார். அங்கே மாதக்கணக்கில் தங்கியிருந்த அமெரிக்கன் ஒருவன், அவர் படுக்கை விரிப்பு மாற்றும்போதெல்லாம் கால்பந்து பற்றியே புலம்புவான். (இவ்வளவு வசதியாக ஓர் அமெரிக்கனா? நானே இந்தப் பாத்திரத்தை நம்பவில்லை. ஆனால் இருந்தான், என்ன செய்ய?) எங்கள் சந்தையில் விளையாட்டுத் தெரிந்த ஒரே ஆள் அக்காதான்.

மேலாளர் சொன்ன வெள்ளிக்கு முந்திய வியாழன் மாலை, நேர்முகத்துக்கான சட்டையை அயர்ன் பண்ணியபடி அவர் சொன்னார்.

"இஞ்சருங்கோ, நெட்டையனுக்கு முழங்காலில அடியாம். கடைசி ஆட்டம் சந்தேகமாம். குட்டையன் பன்னிரண்டு கெஜம்தான் பின்னுக்கு."

"உமக்கு ஆர் சொன்னது?"

"மோட்டல் அமெரிக்கன். அந்த நாலு புள்ளிச் சீட்டு என்ரதான்."

"முதலே சொல்லியிருக்கலாமே!"

"உங்கட ஆக்களுக்கு முன்னால உங்களைப் பிழையெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

மாஸ்டர் வரைபடத்தை விரித்து... (ஆறு தரம் எழுதிப் பார்த்தேன். வாக்கியம் வரவில்லை, விடுகிறேன்.)

"அப்ப அது சந்தை இல்லை ரதி," என்றாராம் கடைசியில். "பதினெட்டுப் பேற்ற வாயால நான்தான் கதைச்சிருக்கிறன்."

6.
வெள்ளி காலை. எல்லர்ஸ்லி ரயில் மேடை. பொஹுடுகாவா மரத்துப் பூ சிவந்து கொட்டிக் கிடக்கிறது. மாஸ்டரின் கையில் 'நெட்டையன் தொண்ணூற்றாறு' என்று எழுதிய வரைபடம், சட்டைப் பையில் பேனா.

முடிவு அ: வரைபடத்தை அப்படியே நீட்டுகிறார்.

முடிவு ஆ: மேடையிலேயே அதில் நெட்டையனைக் கோடிழுத்து வெட்டி, 'குட்டையன்' என்று எழுதுகிறார். கேட்டால், தன் கணிப்பு என்கிறார்.

முடிவு இ: "ஐயா, இது என் குரலின் எதிரொலி. என்னோடு உடன்படாதவர் ஒருவர்தான். அவர் என் மனைவி," என்கிறார். வேலை கிடைக்குமா என்று தெரியாமலே.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சந்தையைத் திறந்துவைக்கிறேன். ஒவ்வொன்றும் முப்பத்துமூன்று புள்ளி. நான் ஒன்றில் வாங்கிவிட்டேன். எதில் என்று கேட்காதீர்கள். சொன்னால், எழுதினவனே வாங்கியிருக்கிறான் என்று மரியாதைக்கு நீங்களும் அதையே வாங்குவீர்கள்.

உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம்.