டிக்கெட் இல்லாத செல்கள்

அறுபத்தொரு பேருடைய புற்றுநோய்ச் செல்கள் அவள் கையில் செத்துப்போயின. உடம்புக்குள் இருந்தவரை அடங்காமல் ஆட்டம் போட்டவைதான். வெளியே எடுத்து, வேளாவேளைக்குத் தீனி போட்டு, முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் பத்திரமாக வைத்தால் மூன்றாம் வாரமே மண்டையைப் போட்டுவிடும். புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்க, ஓயாமல் பெருகும் நிணநீர்ப் புற்றுச் செல்கள் வேண்டும். அதற்காக நான்கு வருடம் மாடாக உழைத்தாள் அந்த ஆராய்ச்சிக்காரி. அறுபத்திரண்டாவதுதான் பிழைத்தது.

அது ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர் ஒருவரின் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்தது. சிகிச்சையில் மனிதர் தேறிவிட்டார், செல்களும் பிழைத்துக்கொண்டன. செய்தி தெரிந்த நாளிலிருந்து வியாழன் தவறாமல் பத்து மணிக்குத் தேய்த்த சட்டையோடு வந்து நிற்பார். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'ஓனர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, பெட்டி பெட்டியாக ஆள் எண்ணுவதுபோல எண்ணுவார்.

"போன வாரத்தவிட கூட்டம் ஜாஸ்தியா இருக்கே?"

"ஆமாங்க சார், நல்லா பெருகுது."

"நல்லாவா?" என்று உறுமுவார். "மூடியெல்லாம் இறுக்கமா இருக்கில்ல? வளர்க்கிற பெட்டியைப் பூட்டுறீங்களா?"

பெருமை தாங்காமல் கேட்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மற்ற ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புமுன் ஒரு பரிசோதனை பாக்கி இருந்தது. செல்களின் மரபணு அடையாளம் ஓனரின் ரத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். சம்பிரதாயத்துக்குத்தான் அனுப்பினாள். வந்த முடிவை இரண்டு முறை படித்தாள். செல்கள் ஒரு பெண்ணுடையவை! பக்கத்து மேஜையில் பத்து வருடமாக வளரும் பழைய செல்வகை. என்றோ ஓர் அவசரத்தில், அதற்கு ஊட்டிய அதே புட்டித் திரவத்தை இதற்கும் ஊட்டியிருக்கிறாள். கூடவே நாலைந்து செல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிவிட்டது.

வியாழக்கிழமை வந்ததும் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப இத்தனை நாளா நான் பார்த்தது யாரோ ஒரு அம்மாவையா?"

"மன்னிச்சிடுங்க சார். என் தப்புதான்."

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல என் கண்ணுல மண்ணைத் தூவினவங்க கிடையாதும்மா. டிக்கெட் இல்லாம என் பேர்ல உட்கார்ந்து வந்திருக்கா!" புட்டியைப் பார்த்து விரலை ஆட்டினார். உள்ளே இருந்தவள் அசரவில்லை. சட்டென்று அவர் முகம் மாறியது. "அப்ப என்னுது எங்க?"

ஒரே ஒரு குழாய் மிச்சம் இருந்தது. கலப்படத்துக்கு முன்பே, முதல் வாரத்தில், திரவ நைட்ரஜனில் உறைய வைத்தது. அதில் கொஞ்சம் செல்லாவது உயிரோடிருந்தால் நான்கு வருட உழைப்பு மிஞ்சும். அவர் எதிரிலேயே அதை உருக்கி, ஒரு சொட்டு நீலச் சாயம் கலந்தாள். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, செத்தது நீலமாகிவிடும்.

நுண்ணோக்கியில் பார்த்த இடமெல்லாம் நீலம்.

"எல்லாம் போயிடுச்சு சார்."

"சரியா பாருங்கம்மா. மூலையில எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். டிக்கெட் இல்லாதவங்க என்னைப் பார்த்தா கழிவறையிலதான் ஒளிவாங்க."

அவளும் அந்த ஒன்றைத்தான் தேடினாள். மூலை மூலையாக, மூன்று முறை.

"ஒண்ணுகூட இல்லைங்க."

ஓனர் முக்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "அப்பாடா! இத்தனை நாளா தூக்கமே இல்லம்மா. இது உயிரோட இருக்கிற வரைக்கும் என்னைத் தேடி வந்துடுமோன்னு பயம். அதான் வாராவாரம் வந்து காவல் காத்தேன். வீட்டுலகூடச் சொல்லல."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. நான்கு வருடமும் ஒன்றாகச் சேர்ந்து முட்டிக்கொண்டு வர, தேம்பித் தேம்பி அழுதாள். அவர் பதறி எழுந்து கைக்குட்டையை நீட்டினார்.

"அட, என்னம்மா நீங்க! எனக்கு நல்லது நடந்ததுக்கு இப்படி அழறீங்களே. என் கூடப்பிறந்தவகூட இவ்வளவு சந்தோஷப்பட மாட்டா."

அவள் கைக்குட்டையை வாங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க சார்," என்றாள். "ரொம்ப சந்தோஷம்."