கேட்டவரே அளக்க வேண்டும்

1

இந்தக் கதை ஒரு சேர்க்கைக் கையேடாகப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தங்கை ஒரு சிறிய அறிவியல் பொறியியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. காற்று எப்படி ஓடுகிறது என்பது அவள் பாடம். போதாக்குறைக்கு மாணவர் சேர்க்கையையும் அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, எங்க யூனிவர்சிட்டியப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு. புதுசா சேரப் போற பசங்க படிக்கிற மாதிரி. கதை விடாத," என்றாள்.

கதை விட்டே பிழைப்பவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி? இருந்தாலும் தங்கையாயிற்றே என்று உட்கார்ந்தேன். முதல் வரைவு:

‘இயற்கை எழில் கொஞ்சும் சூழலில் அமைந்துள்ள எமது—’

(பின்பக்கம் பேருந்துப் பணிமனை. அங்கே கொஞ்சுவது டீசல் புகைதான். விட்டுவிட்டேன்.)

‘உலகத் தரம் வாய்ந்த ஆய்வகங்களும்—’

(இப்படி எழுதாத கையேடு உலகத்தில் உண்டா?)

‘மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பதற்கிணங்க—’

இதைத் தங்கையே அடித்துவிட்டாள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: "கீர்த்தியை யார் அளந்தது?" அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

2

இரண்டு மாடிக் கட்டடங்கள், ஒரு பட்டறை, ஒரு கேன்டீன். ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் மொத்த வளாகத்தையும் சுற்றிவிடலாம். சுற்றிவிட்டுக் கேன்டீனில் உட்கார்ந்தேன். வாங்கும்போதே தேநீர் ஆறித்தான் இருந்தது. இங்கே எப்போதும் இப்படித்தானா என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

மேசையில் பேச்சு நின்றது. எதிரே இருந்த மாணவி எழுந்து போய் ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து, மிக மரியாதையாக என் முன்னால் வைத்தாள்.

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். இந்த வளாகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கேட்டவரே அளக்க வேண்டும். அளந்ததை வியாழக்கிழமை மதியம் இதே கேன்டீனில் எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். துணைவேந்தருக்கும் இதே சட்டம்தான், விருந்தாளிக்கும் இதே சட்டம்தான்.

ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று. இரண்டு நாள் வெப்பமானியும் கையுமாக அலைந்தேன். பாத்திரத்தில் தேநீர் கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஏசியின் குளிர்காற்று விழும் இடத்தில் அடுக்கி வைத்திருந்த கனமான பீங்கான் குவளைகள்தான் சூட்டைக் குடித்துக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை எழுந்து நின்று அளந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் இரண்டு பேர் குறுக்குக் கேள்வி கேட்டார்கள், பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாளே கேன்டீன்காரர் குவளைகளை அடுப்புக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டார். என் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தபோதுகூட நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் பட்டறையில் தன் கையால் ஒரு தராசு செய்ய வேண்டும். அந்த வருடம் முழுக்க ஆய்வகத்தில் அதில்தான் நிறுக்க வேண்டும். தராசு கோணினால் விடையும் கோணும். இது கையேட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் இங்கே வைத்திருக்கிறேன்.)

3

‘வருங்கால மாணவர்களே’ என்று கையேடு விளிக்கும். நான் எழுதும்போது என் கண்முன் இருந்த வருங்கால மாணவி ஒருத்திதான்: தங்கையின் மகள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து குறுக்கு விசாரணை செய்வதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

வக்கீலுக்கு இங்கே இடம் கிடைத்திருக்கிறது. தலைநகரத்துப் பெரிய பல்கலைக்கழகத்திலும் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை பெற்றோர்கள் வளாகத்தைப் பார்க்க வரும் நாள். தங்கை எல்லாவற்றையும் சுற்றிக் காட்டி முடித்ததும், யாராவது ஒரு அம்மா கட்டாயம் கேட்பார்: "உங்க பொண்ண எங்க மேடம் சேத்திருக்கீங்க?" வேறு ஊரின் பெயரைச் சொன்னால் ‘ஊருக்குத்தான் உபதேசம்’ என்று நினைப்பார்களா, மாட்டார்களா?

தங்கைக்கு மகள் இங்கே படிக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆனால் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். கேட்டால் பிள்ளை தனக்காகச் சரியென்று சொல்லிவிடுமோ என்று பயம். கொஞ்சம் வீம்பும் உண்டு. ஆகவே இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று என்னிடம் வந்தாள். இது எனக்கு மூன்றாவது நாள்தான் உறைத்தது.

வக்கீல் தன் பக்கத்து நியாயத்தையும் என்னிடம் சொன்னாள். "அங்க போனா நான் நான்தான் பெரியம்மா. இங்க சேந்தா முதல் நாள்லேர்ந்து மேடத்தோட பொண்ணு."

இதற்குப் பதில் எந்தக் கையேட்டிலும் இருக்காது. எழுத எழுத அவளிடம் கொடுத்து, தப்பைத் திருத்தித் தரச் சொன்னேன். இனி சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவளுடையது.

4

காற்றுச் சுரங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான பெரிய பெட்டி. ஒரு முனையில் விசிறி; நடுவில் ஒரு சிறகையோ வாகனத்தின் சின்ன மாதிரியையோ நிறுத்தி, காற்று அதன்மேல் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். பெரிய இடங்களில் இதை விலைக்கு வாங்குவார்கள். இங்கே தங்கையும் அவள் மாணவர்களும் பலகை அறுத்து, இழைத்து, தாங்களே கட்டினார்கள்.

அதைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் குழு வந்தது. உள்ளே சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே குழுவினர் கதவை இழுத்தார்கள், வரவில்லை. தட்டினார்கள், விசிறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆறு நிபுணர்களும் துணைவேந்தரும் முறைவைத்து இழுத்தார்கள். கடைசியில் குழுத் தலைவர் ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுக்க, கதவு திறந்த வேகத்தில் அவர் துணைவேந்தர்மேல் சாய்ந்தார்.

நடந்தது இதுதான். தூசு வரக் கூடாது என்று அறையின் ஜன்னல்களை எல்லாம் அடைத்திருந்தார்கள். சுரங்கம் அறைக்காற்றை உறிஞ்சி வெளிச்சுவர் வழியாகத் தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே காற்று குறைந்துபோக, வெளிக்காற்று கதவை அழுத்திக்கொண்டிருந்தது.

[வெளிக்காத்து கதவைச் சட்டத்தோட சேத்து அமுக்குச்சு, கதவு வெளிப்பக்கம் திறக்கறது. அதனாலதான் இழுக்க முடியல. இதைச் சொல்லலன்னா படிக்கிறவங்களுக்குப் புரியாது பெரியம்மா.]

சொல்லியாயிற்று. குழு வந்த அந்த வாரம் வியாழக்கிழமை தங்கை கேன்டீனில் எழுந்து நின்றாள். விருந்தாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கத்துக்குள் ஓடும் காற்றை மாதக்கணக்கில் கணக்குப் போட்டதாகச் சொன்னாள். பிறகு சொன்னதை அப்படியே தருகிறேன்:

"இந்த ரூமுக்குக் காத்து எங்கேர்ந்து வரும்னு எனக்கு ஒருநாள் தோணுச்சு. கேட்டா அளக்கணும். பரீட்சை நேரம், அளக்க நேரமில்ல. அதனால நான் கேக்கல."

கேட்டவரே அளக்கும் ஊரில்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். கதவுக்கு மேலே சுவரை உடைத்துக் கம்பி வலை போட்டார்கள். இப்போது சுரங்கம் ஓடும்போது தாழ்வாரத்துக் காற்று அந்த வலை வழியாக உள்ளே போகிறது. மாணவர்கள் அதில் அறிவிப்புத் தாள்களை ஊசியில்லாமல், பசையில்லாமல் ஒட்டுகிறார்கள். சுரங்கத்தை நிறுத்தினால் அத்தனை அறிவிப்பும் உதிர்ந்து தரையில் கிடக்கும்.

கதவு விஷயத்தைக் கையேட்டில் போட வேண்டுமா என்று தங்கையிடம் கேட்டேன். மானம் போகிற விஷயமாயிற்றே. "அதை எடுத்துட்டு மீதிய எழுதினா அது வேற யூனிவர்சிட்டி அக்கா," என்றாள்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்து பேனாவை வைத்துவிட்டேன். தங்கை என்ற பாத்திரம் நம்பும்படி இருக்கிறதா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கூடப் பிறந்தவள் எழுதினால் கூடுதலாகத்தானே வரும்? அவளிடம் ஒரு குறையாவது—

[வீட்ல அம்மா தப்பை ஒத்துக்கவே மாட்டா. சாவியை அவளே தொலைச்சிட்டு வீட்டையே கேள்வி கேப்பா. அதையும் போடுங்க.]

போட்டாயிற்று.

[ஆனா அந்த வியாழக்கிழமை கதையை வீட்ல அவ சொன்னதே இல்ல. இப்பதான் படிக்கிறேன்.]

இந்த வரியின் கீழே ஏதோ எழுதி அடித்திருந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை.

6

முடிவுகள்.

முதல் முடிவு: வக்கீல் இங்கேயே சேர்கிறாள். சனிக்கிழமை அந்த அம்மா கேட்டதும் தங்கை தலை நிமிர்ந்து—

[ரொம்ப இனிக்குது.]

இரண்டாம் முடிவு: பெரிய இடத்துக்குப் போகிறாள். தங்கை அதைச் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு—

[அம்மா அழமாட்டா. விசிறிக்கு எண்ணெய் போடுவா.]

மூன்றாம் முடிவு: போய்விட்டு ஒரு வருடத்தில் திரும்பி—

[வேண்டாம் பெரியம்மா.]

மூன்றையும் அடித்துவிட்டேன்.

7

வரைவு கடைசித் தடவையாக வியாழக்கிழமை காலை என் கைக்குத் திரும்பி வந்தது. ஒற்றுப் பிழைகூட விடாமல் திருத்தியிருந்தாள். எங்கே சேரப்போகிறாள் என்று மட்டும் எங்கேயும் இல்லை. ஆனால் நாலாம் பகுதியின் ஓரத்தில், அறிவிப்புத் தாள்களைப் பற்றிய இடத்தில், ஒரு கேள்வி இருந்தது:

[அந்த வலையில எவ்ளோ கனமான அட்டை வரைக்கும் விழாம நிக்கும்? யாராவது பாத்தாங்களா?]

தாளைத் தாழ்வாரத்தில் தங்கையிடம் காட்டினேன். படித்தாள். யாரும் பார்த்ததில்லை என்றாள். உள்ளே போய்ச் சுரங்கத்தை ஓடவிட்டு, கையில் ஒரு கட்டு அட்டையோடு வெளியே வந்தாள். தபால் அட்டை மாதிரி மெல்லியதிலிருந்து புத்தக அட்டை மாதிரி தடித்தது வரை இருந்தன. முதல் அட்டையை வலைக்கு அருகே கொண்டுபோனாள். அளப்பதென்றால் அவளுக்கு உயிர். ஆனால் கை ஒரு சாண் தூரத்தில் நின்றது.

அட்டைகளைத் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். உள்ளே கொண்டுபோய் மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள்.

"கேட்டது அவ," என்றாள். "நான் அளக்கக் கூடாது."

அட்டைகளை நிறுக்க ஒரு தராசு வேண்டும். இங்கே தராசு வேண்டுமென்றால் முதலாண்டில் சேர்ந்து தன் கையால் செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. கையேடு இன்று மாலை அச்சுக்குப் போகிறது. தங்கையிடம் கேட்காமலே தலைப்பை மாற்றி, இதை இப்படியே, அடித்தல் திருத்தல்களோடு கொடுத்துவிடப் போகிறேன். கதை விடாதே என்றாளே தவிர, நடந்ததை எழுதாதே என்று சொல்லவில்லை.

வக்கீல் என்ன பதில் சொன்னாள் என்றுதானே கேட்கிறீர்கள்? கேட்டுவிட்டீர்கள் அல்லவா, இனி சட்டம் உங்களுக்கும்தான். ஏதாவது ஒரு வியாழக்கிழமை மதியம் கேன்டீனுக்கு வாருங்கள். அட்டைக் கட்டோடு எழுந்து நிற்பது யார் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். தேநீர் இப்போது சூடாகவே கிடைக்கிறது, அளந்துதான் சொல்கிறேன்.