வியாழக்கிழமை நோன்பு

நண்பகல் ளுஹர் தொழுது நெடுநேரமாகியும் பிள்ளை அசையவில்லை. ஜஸ்லா இடப்பக்கம் சரிந்து படுத்துப் பார்த்தாள். வயிற்றைத் தடவி, "வாப்பா வாற நேரம், எழும்புங்க" என்று கொஞ்சிப் பார்த்தாள். ஆறாம் மாதம். காலைத் தேநீர் உள்ளே போனதும் உதைக்கத் தொடங்குகிற பிள்ளை அது. இன்று தேநீரும் இல்லை, உதையும் இல்லை.

தேநீர் இல்லாததற்கு அவள்தான் காரணம். முன்பு உண்டான இரண்டும் அசைவு தெரியுமுன்பே போய்விட்டன. மூன்றாவது தரித்ததும் யாருக்கும் சொல்லாமல் அல்லாஹ்விடம் நேர்ந்துகொண்டாள்: இந்தப் பிள்ளை அசைந்தால் ஏழு வியாழக்கிழமை நோன்பு பிடிப்பேன் என்று. அசைந்தது. அன்று அவள் அழுத அழுகையில் புருஷன் றினோஸ் பயந்தே போனான். அடுத்த வியாழனே அவள் தொடங்கிவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு நோன்பில் சலுகை உண்டென்று பல்லேபொல ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவளுக்குத் தெரியாதா? தெரியும். பயம் பிடித்தவளிடம் சட்டம் பேசி என்ன பயன்! கிளினிக்கில் கொடுத்த திரிபோஷ சத்துமா, றினோஸ் மூடி வைத்துவிட்டுப் போகிற சோறு, எல்லாம் வியாழக்கிழமைகளில் கோழிக்குத்தான். கோழிகள் நன்றாகக் கொழுத்திருந்தன.

'அசைவு கொறைஞ்சா பாத்துக்கிட்டு இருக்கப்படாது, உடனே வாங்க' என்று மிட்வைஃப் மிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது நினைவுக்கு வந்ததும் போனை எடுத்தாள்.

றினோஸ் ஏற்றியிருந்த ஆளை நடுவழியில் இறக்கிவிட்டு ஆட்டோவோடு பறந்து வந்தான். மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு கடையைக் கண்டு பிரேக் போட்டான். செவ்விளநீர் ஒன்றை வெட்டி வாங்கி நீட்டினான்.

"குடி. வயித்துக்குள்ள ஏதாச்சும் போனா எழும்பும்."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"வாந்தி வருதா?"

"நோம்பு."

"என்ன நோம்பு?"

சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். "முறிச்சா, அல்லாஹ் தந்தத எடுத்துக்குவானோன்னு பயமா இருக்குங்க. மஃரிபுக்கு நோம்பு தொறக்க இன்னும் கொஞ்ச நேரம்தானே."

மேற்கே வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. றினோஸுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கத்தத்தான் வாயைத் திறந்தான். குரல் உடைந்துவிட்டது.

"ரெண்டையும் துணியில சுத்தி மண்ணுல வெச்சவன் நான். நீ பாக்கல்ல. இன்னொரு தடவ எனக்கு ஏலாது ஜஸ்லா."

இத்தனை காலமும் அந்த இழப்பு தனக்கு மட்டுமே உரியது என்று அவள் நினைத்திருந்தாள். அவன் அடுத்த நாளே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனதை மனதுக்குள் வைத்துக் கறுவியும் இருந்தாள். இப்போது அவன் கையில் இளநீர் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. அவள் அதை வாங்கினாள். "பிஸ்மில்லாஹ்" என்றாள். வெயிலிலேயே, கடைக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

பின் சீட்டில் சரிந்து, கையை வயிற்றிலேயே வைத்திருந்தாள். அவன் ரோட்டைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தான். ஒன்றுமில்லை. டவுனுக்குள் நுழைந்தார்கள். அப்போதும் ஒன்றுமில்லை.

"நிப்பாட்டுங்க!"

அவன் உயிர் போய் வந்தது. பிரேக் போட்டுத் திரும்பினால், அவள் அவன் கையைப் பிடித்திழுத்து வயிற்றில் அழுத்திக்கொண்டாள். உள்ளே ஓர் இடி. பிறகு இன்னொன்று, கோபத்தோடு.

பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. இருவரும் அசையவில்லை.

"ஆனாலும் டொக்டர்ட்ட காட்டித்தான் போறோம்" என்றான் றினோஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மிச்ச நோம்ப என்ன செய்யப் போற?"

ஜஸ்லா அவன் கையை வயிற்றிலிருந்து விடவில்லை. அந்த நோன்புகளை அவள் பிறகுக்கென்று தள்ளி வைத்திருக்கலாம். பிறகு என்று ஒன்று வரும் என்ற நம்பிக்கைதான் அவளிடம் இருக்கவில்லை. ஆறு மாதமாக அந்த வீட்டில் ஒரு சின்னச் சட்டைகூட வாங்கவில்லை. ஒரு பெயர்கூடப் பேசவில்லை.

"புள்ள பொறந்து, பால்குடி மறந்த பொறகு புடிக்கிறேன்" என்றாள்.

றினோஸ் ஆட்டோவை எடுக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.