அறுநூறு கெஜத்தில் ஒரு காற்று

கார்த்திகேசு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் புதிதாக வந்த தொலைநோக்கியைத் துப்பாக்கியின் மேல் பூட்டினார். பத்து காஜா ஊர்ப் பக்கம், ஈயலம்பம் என்கிற கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்து மணல்வெளியில்தான் துப்பாக்கி சுடும் சங்கத்தின் சுடுகளம் இருந்தது. அங்கே அவரைவிட நன்றாகச் சுடுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் கல் குவாரி அலுவலகத்தில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியாக இருந்தவர் அவர் ஒருவர்தான். பொறுமையான வேலை என்றால் அது அவரிடமே வரும் என்பது எழுதாத சட்டம்.

நூறு கெஜத்தில் ஐந்து குண்டும் நடுக்கறுப்பில் விழுந்தன. அறுநூறு கெஜத்துக்கு தொலைநோக்கியின் உயரம் மாற்றும் திருகை ஏற்றிச் சுட்டபோது ஐந்தும் சரியான உயரத்தில், ஒரு சாண் வலப்பக்கம் தள்ளி விழுந்தன. மறுவாரமும் அதே ஒரு சாண். கார்த்திகேசு யோசித்தார். குண்டு தானாக வலப்பக்கம் போக அதற்குக் காரணம் எதுவுமில்லை. ஆகவே காற்று. கொடிகள் அசையவில்லை என்றால், கொடிகளுக்கு எட்டாத உயரத்தில் அடிக்கிற காற்று.

இதை ஒரு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். 'இடமிருந்து வலமாக அடிக்கும் மறைவுக் காற்று. ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிக் குறிபார்க்கவும்.' சங்கச் செயலாளர் சலாஹுதீன், ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர், நல்லெண்ணமாக ஒரு பிரதியை அடுத்த மாதம் போட்டிக்கு வரவிருந்த தைப்பிங் அணிக்கும் தபாலில் அனுப்பிவைத்தார்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சுடுமேடைக்கு சிமெண்ட் பூச உடையப்பன் வந்தான். கொத்தனார், மனைவி நவமணியின் தம்பி, அதாவது கார்த்திகேசுவின் மைத்துனன். எதிரே கொட்டகைத் தூணை ஒட்டித் தூக்குக்குண்டு தொங்கவிட்டிருந்தான். மணல் மூட்டைமேல் கிடந்த துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நேராக்கி, சும்மா தொலைநோக்கியில் கண்ணை வைத்து, குறிபார்க்கும் சிலுவைக் கோட்டை எதிரே தொங்கிய நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தான்.

"மச்சான், உள்ள இருக்கிற சிலுவை சாஞ்சிருக்கு."

"சாயல. மூணு வாரம் பாத்து வச்சது."

"அப்ப என் நூல் சாஞ்சிருக்கா?"

தூக்குநூல் சாய்வதில்லை. கார்த்திகேசு குனிந்து பார்த்தார். அவருக்குச் சிலுவைதான் நேராக இருந்தது, நூல் சாய்ந்திருந்தது.

"தலைய நேரா வைங்க லா."

"நேராத்தான் வச்சிருக்கேன்."

உடையப்பன் சிமெண்ட் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் தலையை இருபுறமும் பிடித்து மெதுவாக இடப்பக்கம் சாய்த்து நிமிர்த்தினான். நூல் நிமிர்ந்தது. சிலுவை வலப்பக்கம் சாய்ந்தது.

"சாஞ்ச சிலுவைய வச்சு மேல ஏத்துனா, மேலயும் போவும், பக்கத்துலயும் போவும். செவரு கூட அப்படித்தான் போவும் மச்சான்."

அன்று மத்தியானம் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டார். "என் தலை சாஞ்சா இருக்கு?"

"ஆமா," என்றாள் நவமணி.

"எப்பருந்து?"

"பொண்ணு பாக்க வந்தப்பவே. வெக்கப்படுறீங்கன்னு நெனச்சேன்."

அவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது.

மறுநாள் தூக்குநூலைப் பார்த்துத் தொலைநோக்கியைத் திருப்பிப் பூட்டினார்கள். நேரான சிலுவை அவர் கண்ணுக்குச் சாய்வாகத் தெரிந்ததால், உடையப்பன் சுண்டுவிரல் அளவு ரசமட்டம் ஒன்றை சைக்கிள் டியூப் வாரால் துப்பாக்கிமேல் கட்டிக்கொடுத்தான். குமிழி நடுவில் நின்றால் சுட வேண்டியது. அறுநூறு கெஜத்தில் காற்று நின்றுபோனது. கார்த்திகேசு பலகையிலிருந்த காகிதத்தைக் கிழித்தார். தபாலில் போன பிரதியைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

போட்டியன்று கொடிகள் காயப்போட்ட கைலி மாதிரி தொங்கின. தைப்பிங் அணியின் முதல் பத்துக் குண்டுகளும் அழகாக ஒன்றுசேர்ந்து, ஒரு சாண் இடப்பக்கம் விழுந்தன. அவர்கள் தலைவர் சதாசிவம், ஓய்வுபெற்ற வாத்தியார், சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். அது யார் தட்டச்சு செய்தது என்று கார்த்திகேசுவுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

நேரே போனார். "சார், அந்தக் காத்து கெடையாது. என் தலைதான் சாஞ்சிருந்தது."

சதாசிவம் அவரை மரியாதையாகப் பார்த்தார். "பரவால்ல சார். போட்டின்னா அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு, தம் ஆட்களிடம் திரும்பினார். "காத்து கொஞ்சம் அசந்திருக்கு. திரும்ப வரும். குறிய மாத்தாதீங்க."

தைப்பிங் அணியினர் பதினொரு புள்ளியில் தோற்றார்கள். கிளம்பும்போது கார்த்திகேசுவின் கையைப் பிடித்துக் குலுக்கி, காற்றை முன்கூட்டியே சொன்ன பெருந்தன்மைக்கு நன்றி கூறினார் சதாசிவம்.

வெற்றிக் கோப்பை சலாஹுதீனின் கடைக்குப் போனது. கார்த்திகேசு அந்தப் பக்கம் சாப்பிடப் போகவில்லை. திங்கட்கிழமை, எல்லாவற்றையும் விவரித்து, மறுபடி சுடலாம் என்று தைப்பிங்குக்குக் கடிதம் எழுதினார். கூடவே உடையப்பனின் கையெழுத்தையும் சாட்சியாக வாங்கி அனுப்பினார்.

"ஜெயிச்சத எதுக்குண்ணே தூக்கிக் குடுக்கணும்?" என்றார் சலாஹுதீன்.

"ஜெயிக்கல. அவங்க நான் எழுதுனத படிச்சிட்டாங்க."

டிசம்பரில் மறுபடி சுட்டார்கள். இம்முறை மூன்று புள்ளியில் கார்த்திகேசுவின் சங்கம் தோற்றது. சலாஹுதீன் கோப்பையில் போட்டு வைத்திருந்த உறிஞ்சுகுழல்களை எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவி, சதாசிவத்தின் கையில் கொடுத்தார். அன்று மத்தியானம் கார்த்திகேசு அந்தக் கடையில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.