சீனியம்மாளின் கையெழுத்து

கோர்ட்டிலிருந்து வந்த ஜப்தி உத்தரவைப் படித்ததும் ஹெட்கிளார்க் பஞ்சாபகேசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிம்மக்கல் பள்ளிக்கூடத்துப் பியூன் வெள்ளைத்துரையின் சம்பளத்தில் இனி மாதாமாதம் பிடித்தம்.

"ஏன்யா, மூணு வருஷம் முடிஞ்சா புரோநோட்டு செல்லாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! முடிய ரெண்டே நாள் இருக்கறப்போ நீயே போய்ப் பத்து ரூபா கட்டி, நோட்டுக்குப் பின்னாடி கையெழுத்தும் போட்டிருக்கியே? செத்துப்போக இருந்த கடனுக்கு நீதான்யா உயிர் குடுத்திருக்கே. அதை வெச்சுத்தான் அந்த வட்டிக்காரன் கேஸ் ஜெயிச்சிருக்கான்."

வெள்ளைத்துரை தலையைச் சொறிந்தான்.

"என் வீட்டுக்காரி சீனியம்மா வைத்தியத்துக்கு வாங்குனது சார். அவளும் கையெழுத்துப் போட்டாத்தான் பணம்னாரு வட்டிக்காரரு. கைநாட்டு வைக்கமாட்டேன்னு, ஒரு வாரம் சிலேட்டுல பேர எழுதிப் பழகிட்டுப் போய்ப் போட்டா. அவ எழுத்துன்னு இந்த ஒலகத்துல அது ஒண்ணுதான் மிச்சம். காலாவதியாச்சுன்னா நோட்டக் கிழிச்சுப் போட்டுருவாரு. கடன அடைச்சா என் கையில குடுத்துத்தானே ஆகணும்? எம்புட்டு வேணாலும் பிடிங்க சார்."

சீனியம்மாள் போய்ச்சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

கேஸில் தாக்கலான நோட்டு கோர்ட்டுக் கட்டோடு தைக்கப்பட்டுக் கிடக்கும். தீர்ப்பான பிறகு அது யார் கைக்கும் திரும்பி வராது. பஞ்சாபகேசனுக்கு இது தெரியும். சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தார்.

"எத்தன மாசத்துல சார் முடியும்?" என்று ஆசையாகக் கேட்டான் வெள்ளைத்துரை.

"இருபத்திரண்டு மாசம்" என்று மட்டும் சொன்னார்.