பதினேழு டிகிரிப் பொறி

கிர்கிஸ்தானின் நாரின் நகரக் கல்லூரியில் போன பருவம் இயற்பியல் விடைக்குறிப்பு வெளியே போனதிலிருந்து அனார்குல் டீச்சருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். இந்தத் தடவை பொறி வைத்தாள். பதினேழு டிகிரியில் நைட்ரஜன் மூலக்கூறுகளின் சராசரி வேகம் என்ன என்பது கேள்வி. சரியான விடை வினாடிக்கு 468 மீட்டர். வீட்டு அலமாரியில் பூட்டி வைத்த குறிப்பில் மட்டும் வேண்டுமென்றே 113 என்று எழுதினாள். அந்த எண்ணை எழுதுகிறவர் கல்லூரியை விட்டே நீக்கம் என்று முதல்வரிடம் ஒப்புதலும் வாங்கியாயிற்று.

எர்மெக்கின் தாளில் 113 இருந்தது. உடனே ஆள் அனுப்பி அவனை வரவழைத்தாள்.

"எங்கடா கெடச்சுது குறிப்பு?"

"எந்தக் குறிப்பு ஏஜே?" அந்த ஊரில் டீச்சரை அக்கா என்று அப்படித்தான் கூப்பிடுவார்கள். "மண்டைய ஒடச்சு நானே போட்டேன்."

"குதிரை மேய்க்கிற நேரம் போக எப்படா ஒடச்ச?"

"அதான் இந்த லட்சணத்துல இருக்கு."

வாய்க் கொழுப்பு! எரிச்சலோடு அவன் கணக்கை வரி வரியாகப் பார்த்தாள். வர்க்கமூலத்துக்குள் வெறும் 17 உட்கார்ந்திருந்தது.

"டிகிரிய கெல்வினாக்க 273-ஐ யாருடா கூட்டுவா, உங்கப்பனா?"

"ஐயையோ!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

கூட்ட மறந்த மண்டூகமும் இதே 113-க்குத்தான் வந்து சேரும். பொறி வைத்தபோது இது அவளுக்கு உறைக்கவேயில்லை. ஒரு பையன் படிப்பை அநியாயமாகக் கெடுக்கப் பார்த்தோமே என்று கூசிப்போனாள்.

"போய்த் தொலை. மார்க் கெடையாது, ஆனா நீ திருடன் இல்ல."

விடைத்தாள் கட்டின் கடைசித் தாள். மறுபடியும் 113. ஆனால் இதில் வர்க்கமூலத்துக்குள் முறையாக 290 இருந்தது. 290 போட்டால் எந்த ஜென்மத்திலும் 113 வராது. பெயரைப் பார்த்தாள். ஜிபெக். அக்கா மகள், இரண்டு வருஷமாக அனார்குல் வீட்டிலேயே தங்கிப் படிக்கிறவள்.

ஜிபெக்கே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "சித்தி, கெளம்பலாமா?"

அனார்குல் தாளை நீட்டினாள். "இது எப்படி வந்துச்சு?"

பெண்ணின் முகம் வெளிறியது.

"எனக்கு 468-தான் வந்துச்சு சித்தி. உங்க குறிப்புல 113-ன்னு இருந்துச்சு. நீங்க போய்த் தப்பா எழுதுவீங்களா? என் கணக்குதான் தப்புன்னு அடிச்சிட்டேன்."

அடித்த கோட்டுக்கு அடியில் 468 தெளிவாகத் தெரிந்தது. முதல்வருக்கு எழுதி வைத்திருந்த நீக்கக் கடிதத்தில் பெயருக்கான இடம் இன்னும் காலியாகவே இருந்தது.