ஓமன் பக்கம் நல்ல வெயில்

அமலி பொய் சொல்ல மாட்டாள். நாகலூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஆரஞ்சை மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது வியாபாரம்.

ஏற்காட்டு ஏரியில் படகு ஏறுகிற இடத்துக்கு எதிரே அவளுடைய தள்ளுவண்டி. பழம் வருவது சேலம் மண்டியிலிருந்து. அது எந்த ஊரில் காய்த்தது என்று மண்டிக்காரருக்கே சரியாகத் தெரியாது. அவருக்கு வேறு எங்கிருந்தோ லாரி வருகிறது, அவ்வளவுதான். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறி மேலே வந்து இறங்கியதும் அது ஏற்காட்டு ஆரஞ்சு ஆகிவிடும். காரில் வருகிறவர்கள், "இது இந்த ஊர்ப் பழமாம்மா?" என்று கேட்பார்கள். "நம்ம தோட்டத்துதுங்க, காலையில பறிச்சது" என்பாள் அமலி. இரண்டாவது கேள்வி கிளம்புவதற்குள் ஒரு பழத்தை உரித்துச் சுளையை நீட்டிவிடுவாள். வாயில் சுளையை வைத்துக்கொண்டு எவன் கேள்வி கேட்பான்? நிஜமான மலை ஆரஞ்சும் இருக்கத்தான் செய்கிறது. சின்னது, தோலெல்லாம் கறுப்பு, பல் கூசும் புளிப்பு. அதைக் காட்டினால் மூஞ்சியைச் சுளிக்கிறார்களே, அதற்கு அவள் என்ன செய்வாள்!

அவள் புருசன் செபாஸ்டின், எஸ்டேட்டில் காப்பிப் பழம் அரைக்கிற மெஷினுக்கு ஃபிட்டராக இருந்தவன். வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே ஆசை. சென்னையில் ஒரு ஏஜெண்டைப் பிடித்து எண்ணெய்க் கப்பலில் ஏறிவிட்டான். குழாய் மாட்டி, பம்ப்பைப் போட்டு, கச்சா எண்ணெயை ஏற்றுவதும் இறக்குவதும் அவன் வேலை. போகும்போது அமலியின் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். உலகத்துக் கப்பலெல்லாம் அதில் சின்னச் சின்ன முக்கோணமாகத் தெரியும். அவனுடைய கப்பல் ஓமன் நாட்டுப் பக்கத்துக் கடலில் நின்றது. தினமும் ஒரு தடவையாவது அதைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"புருசனைப் பாக்கறயா, முக்கோணத்தைப் பாக்கறயா?" என்று பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி போடுகிற கலாவதி கேலி செய்வாள்.

"முக்கோணம் குறட்டை வுடறதில்லீங்க்கா. அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்பாள் அமலி.

மார்கழியில் ஒரு மத்தியானம். ஏரியே தெரியாத அளவுக்குப் பனிமூட்டம், வியாபாரமும் இல்லை. செபாஸ்டின் வீடியோவில் கூப்பிட்டான்.

"ஏனுங்க, சாப்டீங்களா? என்னங்க அது தலையில குல்லா?"

"ஏசி ஜாஸ்தி கண்ணு. காது அடைக்குது."

"எங்கீங்க இருக்கீங்க இப்ப?"

"ஓமன் பக்கந்தான். நல்ல வெயில்."

அமலி போனைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தாள். உதடு பிளந்து ரத்தம் கட்டியிருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. அவள் மலைக்காரி. உதடு எதனால் வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"கடல் எப்படி இருக்குதுன்னு காட்டுங்களேன்."

"அதை வுடு கண்ணு. உனக்கு என்ன வாங்கியாரட்டும்? சென்ட்டு வேணுமா, போர்வை வேணுமா?"

அமலிக்குச் சுருக்கென்றது. அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடைய குரல்! இரண்டாவது கேள்வி வருவதற்குள் சுளையை நீட்டுகிறானே, படுபாவி! பாம்பின் கால் பாம்பறியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"ஏனுங்க, கொல்லன் தெருவுல வந்து ஊசி விக்காதீங்க. மண்டிப் பழத்தை மலைப் பழம்னு விக்கிறவ நான். எங்கிட்டயேவா?"

செபாஸ்டின் சிரித்துவிட்டான். சிரிக்கப் போய் உதடு வலித்தது போல, கையை வைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். கப்பல் ஓமனில் இல்லை. வடக்கே, தலைக்கு மேலே பனி கொட்டுகிற ஒரு நாட்டுத் துறைமுகத்தில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு இருக்கிறது. அந்த நாடு சண்டையில் இருக்கிறது. அங்கே எண்ணெய் வாங்கக் கூடாது என்று சில நாடுகள் தடை போட்டிருக்கின்றன. அதனால் கப்பல் எங்கே நிற்கிறது என்று ஊருக்கு அறிவிக்கிற மெஷினுக்கே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஏற்றிய எண்ணெயை நடுக்கடலில் இன்னொரு கப்பலுக்குக் குழாய் போட்டு மாற்றுவார்கள். அந்தக் கப்பலில் ஏற்கெனவே இருக்கிற எண்ணெயோடு இது கலந்துவிடும். அப்புறம் காகிதத்தில் வேறு ஊர்ப் பெயர்.

"ஊட்டுல கேட்டாலும் ஓமன்னுதான் சொல்லோணும்னு கம்பெனியில சொல்லிட்டாங்க கண்ணு. உன் ஆரஞ்சு மாதிரிதான்னு வெச்சுக்கயேன்."

"ஆரஞ்சுல ஆரும் முழுகிச் சாகறதில்லீங்க."

அவன் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அப்ப நான் இத்தனை நாள் பண்ணின ஜெபம்?" என்றாள் அமலி. "தினமும் அந்த முக்கோணத்து மேல வெரலை வெச்சு, ஆண்டவரே, ஓமன் கடல்ல இருக்கற எம் புருசனைக் காப்பாத்துன்னுதானே கேட்டேன்! அத்தனையும் தப்பு அட்ரஸுக்குப் போயிருக்குதே!"

"ஆண்டவருக்குத் தெரியாதா? அவரு திருப்பி வுட்டிருப்பாரு."

"அவரென்ன தபாலாபீஸா வெச்சிருக்காரு?" வண்டிக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு அவள் அழுதாள். "கால் வழுக்கி வுழுந்தீங்கன்னா உங்களை எங்கீங்க போய்த் தேடறது? ஓமன்லயா?"

செபாஸ்டின் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அப்புறம் மிச்சத்தையும் சொன்னான். கப்பல் பழசு. பெயரை இரண்டு தடவை அழித்து எழுதியிருக்கிறார்கள். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேப்டனுக்கே தெரியாது. இந்த மாதத்தோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது, இன்னொரு நடைக்குக் கையெழுத்துப் போடு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. மாடி..."

"எனக்கு மாடி வேண்டாம். நீங்கதான் வேணும். குறட்டை வுட்டாலும் சரி, எம் பக்கத்துல படுத்து வுடுங்க." சொல்லிவிட்டு வெட்கத்தில் போனை அணைத்துவிட்டாள். கலாவதி பஜ்ஜியைத் திருப்பிப் போடுகிற மாதிரி வேறு பக்கம் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து போன் இல்லை. கையெழுத்துப் போட்டானா இல்லையா என்று தெரியாமல் அமலிக்கு எதிலும் மனசு ஓடவில்லை. சேலத்து பஸ் புகை விட்டுக்கொண்டு ஏறி வந்தால், இது அவர் ஏற்றிவிட்ட எண்ணெயாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒரு நாள் பெட்ரோல் பங்க்கில் வண்டிக்கு அடித்துக்கொண்டிருந்த பையனிடம் கேட்டே விட்டாள்.

"ஏனுங்க தம்பி, இது எந்த ஊரு எண்ணெய்?"

"சங்ககிரிங்க்கா. அங்க டிப்போவுல இருந்துதான் லாரி வருது."

"அதுக்கு முன்னாடி?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அதுக்கு முன்னாடி எந்த ஊரா இருந்தா நமக்கென்னங்க்கா? வண்டி ஓடுதில்ல?"

ஓடத்தான் செய்கிறது. அவளுடைய பழமும்தான் விற்றது. அவனிடம் கோபித்துக்கொள்ள அவளுக்கு என்ன யோக்கியதை? பேசாமல் திரும்பி வந்துவிட்டாள்.

தை பிறந்து, காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்த சமயம், நாகலூர் பஸ்ஸிலிருந்து செபாஸ்டின் இறங்கினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றவனை அமலி தொட்டுப் பார்த்தாள். கையைத் தொட்டாள், காதைத் தொட்டாள், ஆறிப்போன உதட்டைத் தொட்டாள். "முக்கோணம் இல்லடி, நாந்தான்" என்றான் அவன். அவள் அழுதுகொண்டே அவனை ஒரு அடி அடித்தாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னதற்கு ஏஜெண்ட் கத்தினானாம், இனி உனக்கு எந்தக் கப்பலும் கிடையாது என்றானாம். போனால் போகிறது. கோழி அடித்துக் குழம்பு வைத்து, அவன் போதும் போதும் என்கிற வரை அமலி போட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவளைவிடச் சந்தோசமானவள் சேர்வராயன் மலையில் ஒருத்தியும் இல்லை.

கை கழுவிவிட்டு வரும்போது அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உங்க வேலைக்கு இப்ப ஆரு இருக்காங்க?"

"கோபின்னு ஒரு பையன். தர்மபுரிப் பக்கம். நாந்தான் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டு எறங்கினேன். ஐப்பசியிலதான் கல்யாணம் ஆச்சாம்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், கை காய்ந்த பிறகும். "ஊட்டுக்குப் போனதும் எம் பொண்டாட்டிக்கு ஒரு போன் போட்டு, நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்கண்ணான்னான். வனிதான்னு பேரு."

"போடுங்க."

"நாளைக்குப் போட்டுக்கலாம்."

"இப்பவே போடுங்க. அந்தப் புள்ள அங்க என்ன பாடு படுதோ."

அவன் போட்டான். ஸ்பீக்கரில் ஒரு சின்னக் குரல் பயந்துகொண்டே "ஆருங்க?" என்றது.

"நான் கோபி கூட வேலை செஞ்ச செபாஸ்டின் அண்ணன் பேசறேன் சாமி. பையன் நல்லா இருக்கான். வேளைக்குச் சாப்படறான்."

"அப்படிங்களாண்ணா!" குரலில் அப்படி ஒரு சந்தோசம். "ஓமன்லதானுங்களே இருக்காரு? அங்க நொம்ப வெயில்னாருங்க. கறுத்துப் போயிட்டாருங்களாண்ணா?"

செபாஸ்டின் அமலியைப் பார்த்தான். பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டான்.

"ஆமா சாமி, நல்ல வெயி..."

அமலி அவன் வாயைப் பொத்தினாள். அந்தப் பையனுக்கு வேலை போய்விடும் என்று அவன் கண்ணாலேயே சொன்னான். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"கண்ணு, நான் அவரு சம்சாரம் அமலி பேசறேன். உன் ஊட்டுக்காரரு நல்லாத்தான் இருக்காரு, பயப்படாத. ஆனா ஓமன்ல இல்ல. குளிர்ல இருக்காரு. எனக்கும் இவரு அப்படித்தான் சொல்லிட்டுக் கெடந்தாரு."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு ஆடு கத்துவது மட்டும் கேட்டது. அழப் போகிறாள், அல்லது போனை வைக்கப் போகிறாள் என்று அமலி நினைத்தாள்.

"அக்கா," என்றாள் வனிதா கடைசியில். "நான் தினமும் மேக்க பாத்துத்தானுங்க கும்பிட்டேன். ஓமன் மேக்கன்னாங்க. இப்ப எந்தப் பக்கம் பாத்துங்க கும்பிடறது?"

செபாஸ்டின் அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான்.

"வடக்க பாத்துக் கும்பிடும்மா," என்றான். "நேரா வடக்க."